ஈ போன பக்கம்

ஜேசிபி உறுமிக்கொண்டு கோழிப்பண்ணைக்குள் நுழைந்ததும் நாலாயிரம் கோழிகளும் ஒரே நேரத்தில் கத்தின.

தனப்பிரியா ஓடிப்போய் வண்டியை மறித்தாள்.

"அப்பாதானுங்க அம்மிணி வரச்சொன்னாரு. குழி வெட்டோணுமாம்" என்றார் டிரைவர் கருப்பண்ணன், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டே.

விடிந்ததிலிருந்து பண்ணையில் பிண வாடை. அதைப் போனில் சொன்னதுதான் அவள் செய்த தப்பு. பள்ளிபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அப்பா சென்னியப்பன், சீக்கேதான் என்று முடிவே கட்டிவிட்டார். டாக்டர் சாயங்காலம்தான் வருவார். அதுவரை பொறுத்தால் அக்கம்பக்கத்துப் பண்ணைக்கெல்லாம் பரவிவிடும். அத்தனையையும் புதைத்துவிடலாம் என்றார்.

பதினோரு வருடத்துக்கு முன்னாலும் இதே பண்ணையில் இப்படித்தான் நாறியது. சுற்று வட்டாரத்தில் சீக்கு என்று பேச்சு. அப்பா யாரையும் கேட்கவில்லை. ஒரே பகலில் இரண்டாயிரம் கோழிகள் தென்னை மரங்களுக்கு நடுவே மண்ணுக்குள் போயின. அன்றைக்கு ஊரையே காப்பாற்றியவர் என்று இன்றும் அவருக்குப் பேர்.

ஆனால் இவை தனப்பிரியாவின் கோழிகள். வேலையை விட்டுவிட்டு வந்து, குஞ்சிலிருந்து அவள் வளர்த்தவை.

"அரை மணி நேரம் குடுங்கண்ணா!"

கூண்டு கூண்டாகப் பார்த்தாள். எல்லாம் தீவனத்தைக் கொத்திக்கொண்டிருந்தன. கொண்டைகள் சிவப்பு மாறாமல் இருந்தன. முட்டைகள் வழக்கம்போல உருண்டு வந்தன.

குச்சியை எடுத்துக் கூண்டுக்கு அடியில் எருவைக் கிளறினாள். செத்த கோழி ஒன்றுகூட இல்லை.

எருவில் எப்போதும் மொய்க்கும் ஈக்களையும் காணோம்!

நிமிர்ந்தாள். ஈக்கள் கூட்டம் கூட்டமாக வெளியே பறந்துகொண்டிருந்தன. எல்லாம் ஒரே பக்கம்.

பின்னாலேயே ஓடினாள்.

கம்பி வேலியோரம், கோடை மழையில் இளகிய மண்ணைப் பிளந்துகொண்டு அது நின்றது. வாளி அகலத்துக்கு, கருஞ்சிவப்பில், பாவாடைபோல விரிந்து. நடுவில் சுருங்கிய குமிழ். அதன்மேல் ஒரு கோடி ஈ.

காட்டுக்கருணை! மண்ணுக்கடியில் கிழங்காகவே கிடந்து, நினைத்த வருடம் பூக்கிற செடி. பூத்தால் பிணம்போல நாறும்.

"அண்ணா, ஓடியாங்க! சீக்கு இல்ல, பூவு!"

வந்து பார்த்த கருப்பண்ணன் சிரித்தேவிட்டார். "இதத் தலைல வச்சுட்டு நின்னீங்கன்னா ஒரு மாப்ள ஊட்டுக்காரனும் பக்கத்துல வரமாட்டான் அம்மிணி!"

தனப்பிரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அப்பாவின் பைக் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து பூவின் முன்னால் நிறுத்தினாள்.

சென்னியப்பன் குனிந்து மோந்து பார்த்தார். அவரும் சிரிப்பார் என்று அவள் காத்திருந்தாள்.

அவர் திரும்பி, தென்னை மரங்களுக்கு நடுவே புல் மூடிக் கிடந்த பழைய மேட்டைப் பார்த்தார்.

"அன்னிக்கும் செத்த கோழின்னு ஒண்ணக்கூட நான் பாக்கலியே சாமி..."