பதினெட்டு கேப்டன்கள்

பதினெட்டுத் தொப்பி. பதினெட்டும் கேப்டன் தொப்பி.

அவள் மறுபடி எண்ணிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

கப்பலில் துடுப்புப் போட ஒருவன் இல்லை. பாய்மரம் ஏற ஒருத்தி இல்லை. சமையலுக்குக்கூட ஆள் கிடையாது. மூன்று வாரமாக வாட்ஸ்அப் குழுவில் பெற்றோர்கள் அடித்துக்கொண்டதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரேயடியாகப் பதவி உயர்வு.

“எம்பையன் துடுப்புப் போடறதுக்கா வர்றான்?” என்று ஒரு அப்பா குரல்பதிவே அனுப்பியிருந்தார்.

கடலைப் பார்க்க ரயில் ஏற வேண்டிய கோயம்புத்தூரில், அபார்ட்மென்ட் கிளப் ஹவுசில், கடற்கொள்ளைக்காரர் வேஷத்தில் பிறந்தநாள்.

பிறந்தநாள் விழா நடத்தித் தரும் கம்பெனிக்காக அவள்தான் தெர்மகோலில் கப்பல் அறுத்தாள். பிளம்பிங் கடையில் பைப் வாங்கிப் பீரங்கி செய்து கறுப்படித்தாள். பிறந்தநாள் பையன் நிஷ்விக்கின் தாத்தா வந்து பார்த்தார். ஏழாவது பிறந்தநாளில் கறுப்பு ஆகாதாம். கொடியில் மண்டையோடும் ஆகாதாம். பீரங்கி மஞ்சளானது. கொடியில் மண்டையோடு இருந்த இடத்தில் சிரிக்கும் பொம்மை முகம் வந்தது.

கொள்ளைக்காரர்கள் மங்களகரமாக வந்தால் சரி.

அதையெல்லாம் விழுங்கிக்கொண்டாள்.

இன்று மதியம்தான் மேடத்துக்கு, நிஷ்விக்கின் அம்மாவுக்கு, ஒரு சந்தேகம் வந்தது. எல்லாரும் கொள்ளைக்காரர்கள் என்றால் யாரைக் கொள்ளையடிப்பது? யாரைப் பலகையில் நடக்கவிட்டுக் கடலில் தள்ளுவது?

தன் பிள்ளையைத் தர, பதினெட்டு வீட்டில் ஒரு வீடும் தயாரில்லை.

“ஒரு ஆளு புடிச்சிட்டேன்மா” என்று மேடம் வந்தார். “இங்க பெருக்குதே ஈஸ்வரி, அவ பொண்ணு. கையக் கட்டி நிக்க வச்சிரு. முடிஞ்சதும் கேக் குடுத்துரலாம், பாவம்.”

“எல்லாருமே மாத்தி மாத்தி ஒருக்கா கைதியா நிக்கட்டுங்க மேடம்.”

“இருக்கற டென்ஷன்ல நீ வேற.”

முதலாளி போனில் இன்னும் சுருக்கம். “கஸ்டமர் சொல்றதச் செய். இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சு, நாளைல இருந்து வரவேண்டாம். இன்ஜினியரிங் படிச்ச திமிர வீட்ல வச்சிட்டு வா.”

வீட்டில் அதை வைக்க இடமில்லை. படித்தவள் என்று அங்கே இருப்பதே அவள் ஒருத்திதான்.

ஈஸ்வரியின் மகள் மோனிஷா நாலு மணிக்கே வந்துவிட்டாள். எட்டு வயதிருக்கும். தீபாவளிப் பாவாடை. தலை நிறையக் கனகாம்பரம். கையில் வண்ணக் காகிதம் சுற்றிய ஜாமென்ட்ரி பாக்ஸ். மூலையில் காகிதம் கிழிந்து தகரம் எட்டிப் பார்த்தது.

பரிசு கொண்டுவந்திருந்தாள்.

“எங்கம்மா சொல்லுச்சுங்க, என்னையும் பர்த்டேக்குக் கூப்ட்டிருக்காங்கன்னு.”

மேடம் அதை வாங்கினார். “அய்யோ, இதெல்லாம் எதுக்கும்மா” என்று செருப்பு அடுக்கின் மேல் வைத்தார். மற்ற பரிசுகள் மேசையில் இருந்தன.

மோனிஷா தொப்பிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, எனக்குத் தொப்பி இல்லீங்களா?”

அவள் குனிந்து பதினெட்டையும் இன்னொரு முறை எண்ணினாள். முகத்தை வைத்துக்கொள்ள வேறு இடம் கிடைக்கவில்லை.

கட்டுவதற்குத் தேங்காய் நார்க் கயிறுதான் வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். ரிப்பன் போட்டோவில் எடுபடாதாம்.

புதையல் மட்டும் இன்னும் ஒளித்துவைக்கவில்லை.

ஒரு தகரப் பெட்டி. உள்ளே தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசுகள், ஒரு தொலைநோக்கி, சிவப்பு இறகு செருகிய தொப்பி. பத்தொன்பதாவது தொப்பி. அதைப் போடுகிறவர்தான் கேப்டன்களுக்கெல்லாம் கேப்டன். யார் எடுத்தாலும் எடுத்தவருக்கே சொந்தம் என்று புதையல் வரைபடத்தின் அடியில் எழுதியிருந்தது. மேடம் சொல்லச் சொல்ல அவளே எழுதியது.

பெட்டி டேபிள் டென்னிஸ் மேசைக்குப் பின்னால் இருக்க வேண்டும். அந்த இடத்தைக் காலையிலேயே நிஷ்விக்குக்குக் காட்டியாகிவிட்டது. அவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுவான்.

மேடம் சேலை மாற்றப் போனார்.

அவள் கடலைப் பார்த்தாள். பலகைக்குக் கீழே பெரிய தொட்டி. இடுப்பளவுக்கு நீலப் பிளாஸ்டிக் பந்துகள்.

இரண்டு கையாலும் பந்துகளை அள்ளி ஒதுக்கினாள். பெட்டி அடியில் போய் உட்கார்ந்தது. மூலையோரமாக, விழுந்தால் தலை படாத இடத்தில். பந்துகளைத் தள்ளி மூடினாள்.

கடல் ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது.

மோனிஷாவின் கையைக் கட்டினாள். கயிறு நார்க் கயிறுதான். முடிச்சு மட்டும், நுனியை இழுத்தால் அவிழ்கிற முடிச்சு.

காதருகே குனிந்தாள்.

“தள்ளினா உடனே எந்திரிக்காத சாமி. கயித்த இழுத்து விட்டுட்டு அடிவரைக்கும் போ. மூலையில துழாவு.”

ஐந்து மணி. பதினெட்டு கேப்டன்களும் பலகையை மொய்த்தார்கள். பதினேழு பேர் மோனிஷாவைப் பார்த்தார்கள். நிஷ்விக் டேபிள் டென்னிஸ் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் ஈஸ்வரி துடைப்பத்தோடு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். மேடம் செல்போனை உயர்த்திப் பிடித்தார்.

ஒன். டூ. த்ரீ.

தொப்.

பந்துகள் மூடிக்கொண்டன. எல்லாரும் கைதட்டினார்கள்.

மோனிஷா எழுந்து வரவில்லை.

கைதட்டல் ஓய்ந்தது. தொப்பிகள் ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தன.

அவள் தன் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

தொட்டியின் அடியில், தகரம் தரையில் உரசும் சத்தம் கேட்டது.