வழிந்ததும் நின்றதும்

அன்று ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். மேடம், கலவை செய்யும் பெண், குப்பிகளைக் கவிழ்த்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுதும் அண்ணா. கம்ப்யூட்டரையும் சேர்த்தால் நாலு.

தீப்புண்ணில் ஊற்றினால் தானாகவே கூடி, மெத்தென்று தோல்போல உறையும் ஒரு திரவம். அதைத்தான் கலவை செய்யும் பெண் தேடிக்கொண்டிருந்தாள். குப்பியைக் கவிழ்த்தால் நிற்க வேண்டும். வழிந்தால் தோல்வி.

தொடர்ந்து மூன்று வழிந்தால் அவளுக்கு வேலை இல்லை. மேடம் முதல் நாளே போட்ட சட்டம் அது.

அவளுடைய பழைய இருநூற்றுப் பன்னிரண்டு குப்பிகளின் பதிவைப் படித்துவிட்டு, இவை நிற்கும் என்று கம்ப்யூட்டர் சொன்ன கலவைகள் மூன்று. இரண்டு வழிந்துவிட்டன.

"மூணாவதைக் கவுத்துங்க," என்றார் மேடம்.

"இன்னும் கொஞ்ச நேரம் வைக்கலாமே," என்றார் அண்ணா.

"வச்சது போதும்."

கவிழ்த்தார். தண்ணீராகக் கொட்டியது.

அவள் பதிவேட்டைத் தொட்டுக் காட்டினாள். "மேடம், கம்ப்யூட்டர் மேல தப்பில்ல. அது படிச்ச பாடமே தப்பு. சந்தேகத்துல நேத்து ஒரு பழைய கலவையைத் திரும்பச் செஞ்சேன். பதிவேட்டுல 'நின்றது'ன்னு இருக்கு. நாலு தடவையும் வழிஞ்சுது."

மேடம் அண்ணா பக்கம் திரும்பினார். "கையெழுத்து உங்களோடதுதானே?"

"ஆமா."

"இந்த மாதிரி எத்தனை?"

"ஒன்பது." கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"கணக்கு வேற வச்சிருக்கீங்களா? கை தவறியா, தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவளால் பொறுக்க முடியவில்லை. "உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன், அண்ணா? ஒரு வருஷ உழைப்பு. காலையில நான் வர்றதுக்குள்ள கவுத்துப் பாத்து எழுதி, குப்பியைக் கழுவியும் வச்சிடுவீங்க. சுறுசுறுப்புன்னு நினைச்சேன்."

அவர் பதிவேட்டில் ஒன்பது வரிகளுக்கும் பென்சிலால் வட்டம் போட்டு அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதைத் திருத்திட்டு கம்ப்யூட்டருக்கு மறுபடியும் கத்துக்கொடு. உனக்கு இன்னும் மூணு குப்பி தர்றேன்," என்றார் மேடம். "இவரை இன்னைக்கே அனுப்பிடலாம். நீ என்ன சொல்ற?"

அவள் முதல் வட்டத்தைப் பார்த்தாள். பதிமூன்றாம் வரி, 'நின்றது'. அதற்கு மேலே பதினொன்று, 'வழிந்தது'. பன்னிரண்டு, 'வழிந்தது'.

அடுத்த வட்டம். அதற்கு மேலும் இரண்டு 'வழிந்தது'. ஒன்பதிலும் அப்படியே.

"அவர் இருக்கட்டும் மேடம்," என்றாள்.

சட்டப்படி அவள் பதிமூன்றாவது குப்பியோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டில் பதிமூன்று போக, மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் அவர் தந்தவை.