ஒரு விருந்தினர் குறைவு

"நாலு மணிக்கு என் பொண்டாட்டி திட்டு வரலைன்னா, நீ வந்துதான் திட்டணும். சொல்லிட்டேன்," என்றார் ஈலியா. டயாலிசிஸ் நாற்காலியில் கை நீட்டிச் சாய்ந்திருந்தார். அவர் வீடு ஆஸ்திரேலியாவின் வடகோடியில், டோரஸ் நீரிணையின் ஒரு தீவில். வைஃபை இருந்தால்தான் வீட்டு முகங்களைப் பார்க்க முடியும்.

டெனீஸ் அவர் கைபேசியை வாங்கிப் பார்த்தாள். இணைப்பு இருந்தது.

"உங்க பேரு வந்திருச்சு அங்கிள். திட்டு நிச்சயம்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படித் தொங்குது?"

"யாரோ ஒருத்தரத் தொலைச்சுட்டேன்."

காலையில் மருத்துவமனையின் பழைய வைஃபை கருவியைக் கழற்றிப் புதியதை மாட்டியிருந்தாள். பழையதிலிருந்து, வைஃபை பயன்படுத்தும் விருந்தினர்களின் பட்டியலைக் கோப்பாக இறக்கிப் புதியதில் ஏற்றினாள். இறங்கியது 214 பேர். ஏறியது 213.

நோயாளிகளின் பெயர்கள் இருப்பதால், ஏற்றியதும் கோப்பை அழித்துவிட வேண்டும் என்பது விதி. அழித்த பிறகுதான் எண்ணிக்கையைப் பார்த்தாள். மிஞ்சியது, கணினிப் பிரிவு மேலாளர் வாரன் கையெழுத்துப் போட்ட அச்சுப் பட்டியல் மட்டும்.

படியிறங்கி அடித்தள அலுவலகத்துக்கு வந்தாள். மின்தூக்கிக்குக் காத்திருக்கும் பொறுமை இல்லை. சட்டையில் ஒட்டியிருந்த வருகையாளர் சீட்டு வியர்வையில் சுருண்டிருந்தது. ஆறு வருடமாகத் தினமும் காலையில் வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்குவது.

வாரன் தேநீர்க் கோப்பையுடன் உட்கார்ந்திருந்தான்.

"கிடைச்சானா?"

"பாதி முடிச்சிருக்கேன். ஈலியா அங்கிள் பேரு இருக்கு. சிறுநீரக வார்டு முழுக்க இருக்கு."

"ஒரு ஆளுதானே டெனீஸ். விடு."

"ஒருத்தர்கூட விட்டுப்போகக் கூடாதுன்னு நீதானே சொன்ன? அப்பதான் என் ஒப்பந்தத்தப் புதுப்பிக்கச் சொல்லி மேல அனுப்ப முடியும்னு. காகிதம் வந்துச்சா?"

"மொதல்ல இத முடி. அப்புறம் பேசலாம்."

அவள் பென்சிலை எடுத்தாள். திரையில் ஒரு பெயர், தாளில் ஒரு கோடு. கண் எரிந்தது. கைபேசி மேசையில் சும்மா கிடந்தது. வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு வார்டு வைஃபை வழியாகக் கூப்பிடும். இன்று காலையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அந்த மட்டுக்கும் நிம்மதி என்று நினைத்தாள்.

"தேதி முடிஞ்ச கணக்க இந்தப் புதுசு ஏத்தாது," என்றாள். "அதுதான் சந்தேகம். ஜூன் முப்பதோட எல்லாருக்கும் முடியிறதா இருந்துச்சில்ல?"

"நீட்டிட்டேனே. போன வாரம் ரெண்டு நாள் உக்காந்து ஒவ்வொண்ணா நீட்டினேன். முதுகு போச்சு."

"யாரையாவது மறந்திருப்ப."

"இருக்கலாம்." வாரன் கோப்பைக்குள் பார்த்தான். "வீட்டுக்குப் போன ஆளா இருக்கும். இருந்தா இந்நேரம் வந்து கத்தியிருக்க மாட்டானா?"

"இங்க வர்றவங்க கத்த மாட்டாங்க வாரன். கம்முனு படுத்திருப்பாங்க. அதான் பயம்."

நூற்றி ஐம்பது. நூற்றி எண்பது. பிரசவ வார்டு முடிந்தது. துணைக்கு வந்தவர்கள் முடிந்தார்கள். கடைசித் தாளில் வெளி ஏஜென்சி ஆட்கள் எட்டுப் பேர்: துப்புரவு, சலவை, மின்சாரம், கணினி. ஊழியர் கணக்கு கிடையாது என்பதால் அவர்களும் விருந்தினர்களே.

ஏழு பெயருக்குக் கோடு விழுந்தது. பென்சில் எட்டாவதில் நின்றது.

முடியும் தேதி என்ற கட்டத்தை அவள் இரண்டு முறை படித்தாள். ஜூன் 30. நேற்று.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தாள். வாரன் நிமிரவில்லை.

"கிடைச்சிருச்சு," என்றாள்.

"யாரு?"

"நான்தான்."