ஆறு மணி மாத்திரை

எம் மாப்ள வெற்றிச்செல்வன் மாதிரி கடியாரத்தக் கட்டிக்கிட்டு அழுவுற ஆம்பளைய நான் பாத்ததில்ல. எங்க வூட்டுக்காரரு சாமிக்கண்ணு மில்லு சங்கு ஊதினாத்தான் எழுந்திரிப்பாரு. இவரு அந்தச் சங்குக்கே டயம் சொல்லுவாரு.

காலையில ஆறடிச்சா கையில உறைய மாட்டிக்குவாரு. எம் பொண்ணு நிர்மலாவ ஒருக்களிச்சுப் படுக்கவெச்சி, பின்பக்கமா ஒரு மாத்திர வெப்பாரு. இருவது நிமிசம் கழிச்சி, நடுவுல ஓட்ட போட்ட நாற்காலியில தூக்கி ஒக்காரவெப்பாரு. அப்பவும் வரலன்னா வெரல வுட்டுத்தான் எடுக்கணும்.

பெத்தவ நான் இருக்கறப்ப ஆம்பள செய்யற வேலையா இது? நான் செய்யறேன்னா, நீங்க அவசரப்படுவீங்க அத்தன்னுடுவாரு.

மூணு வருசத்துக்கு முன்னாடி மொளகா காயவெக்க மொட்டமாடிக்குப் போனவ கீழ வுழுந்துட்டா. நோணாங்குப்பத்துல எங்க நாத்தனா கமலா குடுத்த மொளகா. அவ எதையும் சும்மா குடுக்கமாட்டா, அது ஒரு கத, வுடுங்க. முதுகெலும்புல அடி. இடுப்புக்குக் கீழ தொட்டாலும் தெரியாது, வெளிக்குப் போனாலும் தெரியாது.

நான் சொல்ல வந்த அன்னிக்கு, அவளுக்கு மொத நாள் வேல. பீச்சுக்குப் பக்கத்துல ஒரு லாட்ஜுல போன் எடுக்கணும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சவளாச்சே. பத்து மணிக்கு ஆட்டோ சொல்லியிருந்துது.

போற எடத்துல ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து ரெண்டு நாளாத் தண்ணியே சரியாக் குடிக்கல. ஆறு மணிக்கு மாத்திர வெச்சும் ஒண்ணும் வரல. ஆறே முக்காலுக்கும் வரல. எனக்கு இருப்பே கொள்ளல. வாசலுக்கும் அடுப்புக்குமா நடந்தேன். மாப்ள பதறாம அவ அடிவயித்த வட்டமாத் தடவிக்கிட்டு இருந்தாரு. கடைசில கொஞ்சூண்டு வந்துது. இது போதும், மிச்சம் நாளைக்குன்னுட்டு குளிக்கப் போயிட்டாரு. என்னா மனுசன் பாருங்க.

நான் அவளுக்கு இட்டிலி குடுத்து, சுக்குக் காப்பியச் சூடு ஆறாம ஒரே மூச்சுல குடிக்கவெச்சி அனுப்பினேன்.

பன்னெண்டு மணிக்கு மாப்ள செல்லுக்கு லாட்ஜுலேருந்து போன். ஓடிப்போயிக் கூட்டியாந்தாரு. புதுச் சுடிதார் பூரா நாசம். சுத்தி இருந்தவங்க மூக்கப் பொத்தின அப்பறந்தான் அவளுக்கே தெரிஞ்சிருக்கு.

மாப்ள கழுவி, துணி மாத்திப் படுக்கவெச்சாரு. பரவால்ல, நாளைக்கு வரட்டும்னு லாட்ஜுக்காரரு சொன்னதயும் சொன்னாரு. அவ செவுத்துப் பக்கமாத் திரும்பிக்கிட்டா.

"எல்லாம் டயத்துக்குத்தான செஞ்சோம்? அப்பவும் இப்பிடின்னா, இந்த ஒடம்ப நம்பி நான் எங்கயும் போவமுடியாது. இனிமே வாசப்படி தாண்ட மாட்டேன்."

மாப்ள தலையச் சொறிஞ்சாரு.

"ஒன் ஒடம்பு மேல தப்பில்ல, நிர்மலா. வரலயேன்னு பயந்து நான்தான் ரெண்டாவது மாத்திரையும் வெச்சிட்டேன்."

படுத்தவாக்குலயே புடிச்சா பாருங்க அவர. நீங்க என்ன டாக்டருக்கா படிச்சீங்க, மூணு வருசமாச் செய்யற வேலயில இந்த நாள் பாத்தா கோட்ட வுடுவீங்கன்னு தெருவுக்கே கேக்கறாப்புல திட்டினா. திட்டி ஓஞ்சப்பறம், நாளைக்கு ஒண்ணுதான் வெக்கணும், பத்து மணிக்கு ஆட்டோ சொல்லிடுங்கன்னா.

நான் சமையக்கட்டுக்குள்ள போயிட்டேன். பின்னாலயே மாப்ள வந்தாரு. காலையில அவ குடிச்ச டம்ளர எடுத்து சோப்பு போட்டு அழுத்தித் தேச்சாரு.

"அத்த, நாளைக்குக் காப்பியில வெளக்கெண்ண ஊத்தாதீங்க"ன்னாரு, அவ காதுல வுழாம.