பொதிமாட்டு மணி

"மணியக் கழட்டாத. சத்தம் கேட்டாத்தான் அரிசி வந்திருக்குன்னு எறங்குவானுங்க," என்கிறார், பொதிமாட்டின் மறைவில் குந்தியிருக்கும் சார்ஜன். லக்கலக் காட்டில் வெயில் சாய்கிறது. புதர்களுக்குள் பொலிஸ்காரர்கள் துவக்கோடு படுத்திருக்கிறார்கள். இலைகளுக்கிடையே ஒரு பித்தளைப் பொத்தான் மினுங்குகிறது. மாடு தலையாட்டும்போதெல்லாம் கழுத்து மணி குலுங்குகிறது. மாட்டுக்காரர் சடையன் அதைக் கையால் பொத்தப் பார்க்கிறார். சார்ஜன் அந்தக் கையைத் தட்டிவிடுகிறார். வேலைநிறுத்தத்தின்போது தோட்டத்துத் துரையின் துவக்குகளைப் பறித்துக்கொண்டு காடேறியவர்களுக்குத்தான் சடையன் அரிசி கொண்டுபோவது; அவர்களில் அவர் தம்பியும் இருக்கிறான். மேலே குரங்குகள் சட்டென்று அடங்குகின்றன. சரிவில் சருகு நொறுங்குகிறது. "என்ன அண்ணே, மாட்டவிட மெதுவா வர்ற? உப்பு கொண்டாந்தியா?" சிரித்தபடியே இறங்கி வருகிறது தம்பியின் குரல். புதருக்குள் துவக்குக் குதிரை இழுபடும் ஓசை. சடையன் சார்ஜனின் சப்பாத்துக் காலைப் பிடித்துக்கொள்கிறார். "ஐயா... கால்ல மட்டும் சுடச் சொல்லுங்க, ஐயா."