சுண்டுவிரல்

காவலர் அறையின் தகரக் கூரையில் நேற்று விழுந்த ஓட்டை வழியாக வெயில் இறங்கி, மேஜைமேல் விரித்த துண்டில் ஒரு காசளவு கிடக்கிறது. காவல் வேலையிலிருக்கும் அவள் தன் கைத்துப்பாக்கியிலிருந்து தோட்டா அடைக்கும் மேகசினை உருவுகிறாள். மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து உள்ளே உற்றுப் பார்க்கிறாள். கண்ணை நம்பாமல் சுண்டுவிரலையும் விட்டுத் தடவுகிறாள். பிறகுதான் சுருள்வில், குழல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாள். எதிரே நிற்கும் சூப்பர்வைசர் அவளுடைய அக்கா கணவர். நேற்று இதே துப்பாக்கியை வாங்கி, மேகசினை உருவியதுமே காலி என்று நினைத்து விசையை அழுத்தி, குழலில் தங்கியிருந்த ஒரு தோட்டாவால் கூரையைத் துளைத்தவர் அவர்தான். "உன் கை பட்டு வெடிச்சிடுச்சுன்னு ஆபீஸ்ல சொல்லிடும்மா. இல்லேன்னா நீ துப்பாக்கியை ஒப்படைச்சிட்டு வேலையை விட்டு வீட்டுக்குத்தான் போகணும். அக்காவை நெனச்சுப் பாரு." அவள் குழலுக்குள் தூரிகையை விட்டு இழுக்கிறாள். அவர் சுட்ட கரி வெள்ளைத் துணியில் அப்பிக்கொண்டு வருகிறது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்து, எல்லாவற்றையும் மாட்டி, மேற்பகுதியைத் திறந்தபடியே நிறுத்தி, முனையைச் சுவர்ப்பக்கம் திருப்பி அவர் முன்னால் வைக்கிறாள். "ஒப்படைச்சாச்சு அத்தான். காலியான்னு விரலை விட்டுப் பாத்து வாங்கிக்குங்க." அவர் வாசலைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார். அவள் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் சுண்டுவிரலை நீட்டுகிறார். ஓட்டை வெயில் அதன்மேல் விழுகிறது.