ஆளுக்கு ஒரு கேன்

பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய ரிசர்வில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாதென்று சொல்லிப் பதினொரு வருடமாகிறது. ஆளுக்கு ஒரு கேன், மேலே பெயர் எழுதி, செவ்வாய்தோறும் வெர்னாதான் வீடுவீடாக இறக்குகிறாள். இடுப்பு விட்டுப்போயிற்று.

போன குளிர்காலத்தில் கடலோடு போன தம்பி ஆல்வினின் வாசலிலும், பழக்கதோஷத்தில் ஒன்றை வைத்துவிட்டாள். அடுத்த வாரம் அது காலியாக இருந்தது. பிறகு அவள் நிறுத்தவில்லை.

“பூட்டின வீட்டுக்கு எதுக்குடி தண்ணி?” என்றாள் வண்டியோட்டும் ரெய்லீன்.

“காலியாகுதே. வைக்காம என்ன பண்ணச் சொல்ற?”

இன்று அந்த வாசலில் இரண்டு காலிக் கேன்கள் இருந்தன. ஒன்று ஆல்வினுடையது. மற்றதில் டெல்மரின் பெயர்; இன்று விடியற்காலையில் மீன்பிடிக்கக் கிளம்பிய வெர்னாவின் கணவன் படகில் ஏற்றிக்கொண்டு போனது.

வெர்னா வண்டிக்குத் திரும்பி, இன்னொரு கேனையும் இறக்கினாள்.